பத்து மதிப்பெண் தூரம்

கேள்வி: சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள நாரணாபுரத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் 2 முடித்து, சி.ஏ. ஃபவுண்டேஷன் பாஸ் பண்ணி, இன்டரில் முதல் குரூப்பும் பாஸ். இரண்டாவது குரூப்பில்தான் இரண்டு தடவை ஃபெயில். முதல் தடவை காஸ்டிங்கில் 29. தீபாவளி முடிந்து வந்த ரிசல்ட்டில் காஸ்டிங் 34, ஆடிட்டிங் 61, எஃப்.எம். 45. பகலில் ஒரு அச்சகத்தில் கணக்கெழுதுகிறேன். கோச்சிங் கிடையாது. கூடப் படித்தவர்கள் மதுரை, சென்னை என்று போய்விட்டார்கள். ராத்திரி புத்தகத்தைத் திறந்தால், எல்லாம் ஏற்கெனவே படித்த பக்கம். படித்தாலும் நிற்பதில்லை. மனசே வரமாட்டேன் என்கிறது. தனியாக உட்கார்ந்து படிக்கிற உற்சாகத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாரணாபுரம்

பதில்: உற்சாகம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 34, 61, 45. கூட்டினால் 140. ஒரு குரூப் தேற, தாளுக்குக் குறைந்தது 40, மூன்றும் சேர்ந்து 150 வேண்டும். ஆடிட்டிங்கில் 60-ஐத் தாண்டிவிட்டதால் அந்தத் தாளுக்கு எக்ஸம்ப்ஷன் உண்டு. அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்கு அதை எழுத வேண்டாம். அந்த 61 மொத்தத்திலும் சேரும். ஆக, மீதி இரண்டு தாளில் 89 எடுத்தால் போதும். இப்போதே 79 கையில் இருக்கிறது.

பாக்கி பத்து மதிப்பெண். அதில் ஆறு காஸ்டிங்கில் வந்தாக வேண்டும். மீதி நாலு எதில் வந்தாலும் சரி.

‘இரண்டு தடவை ஃபெயில்’ என்பதும் ‘பத்து மதிப்பெண் பாக்கி’ என்பதும் ஒரே நிலவரம்தான். முதலாவதை மனசில் வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு யாராலும் புத்தகம் திறக்க முடியாது. இரண்டாவதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினால், அடுத்த கேள்வி தானாக வரும்: இந்தப் பத்து எங்கே கிடக்கிறது?

தோல்வி இவ்வளவு கனக்கக் காரணம் ஊரும்தான். உங்கள் விருதுநகர் மாவட்டம் பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுக்கணக்கில் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம். பாஸ் என்பது வழக்கமாகிவிட்ட இடத்தில் ஃபெயில் என்ற சொல்லுக்கு எடை கூடிவிடுகிறது. பங்குனிப் பொங்கலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது ‘பாஸாயிட்டியாம்மா?’ என்றுதான். பள்ளித் தேர்வின் கணக்கை வைத்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள். சி.ஏ.வின் கணக்கே வேறு. 2024 மே மாதம் இன்டர் இரண்டாவது குரூப்பை எழுதியவர்கள் 71,145 பேர். தேறியவர்கள் 13,008 பேர். நூற்றுக்கு 18.28. அந்தத் தேர்வில் தேறாமல் போன 58,137 பேரும் சோம்பேறிகள் என்று யார் சொல்வது? வீட்டில் கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அதற்காகக் கூச வேண்டியதில்லை.

‘எல்லாம் ஏற்கெனவே படித்த பக்கம். படித்தாலும் நிற்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடத்தை நாலு தடவை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நாலு தடவை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம் தங்கியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. ‘நமக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று சோதனைக்கு முன் அதிகம் நம்பியதும் நாலு தடவை படித்தவர்கள்தான்.

மறுபடி தேர்வு எழுதுகிற எல்லோரும் விழுகிற பள்ளம் இது. பக்கம் பழகிய முகமாகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அதனால் சலிப்பு வருகிறது. சலித்துப்போய்ப் படித்தது நிற்பதில்லை, நிற்காததால் இன்னும் சலிப்பு. ஆக, உங்களுக்குக் குறைவது உற்சாகம் என்று சொல்ல முடியாது. படிக்கிற முறை உங்களுக்கு எந்த முன்னேற்றத்தையும் காட்டாமல் ஏய்க்கிறது. புத்தகத்தை மூடி, கடிகாரத்தை வைத்து, ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். சரியோ தப்போ, ஒரு முடிவு தெரியும். நேற்று 18 நிமிடம் எடுத்த கணக்கு இன்று 13 நிமிடத்தில் முடிந்தால், அன்றைய உற்சாகத்துக்கு அதுவே போதும். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டே ஒவ்வொரு தேர்வுக்கும் ஆர்.டி.பி. எனும் திருப்புதல் தாள், மாதிரித் தேர்வுத் தாள், பழைய தாள்களுக்கான விடைகள் எல்லாவற்றையும் காசில்லாமல் வெளியிடுகிறது. கோச்சிங் போகாதவருக்கு அது பெரிய சொத்து.

ஒவ்வொரு தாளிலும் 30 மதிப்பெண், விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகளுக்கு. இன்டரில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உங்கள் பத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடக்கலாம்.

காஸ்டிங்கைப் பொறுத்தவரை, சென்னையில் ஏ.சி. அறையில் பாடம் கேட்பவருக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. பாடத்தில் வருகிற தொழிற்சாலைக்குள்தான் நீங்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிராசஸ் காஸ்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் குழப்புகிறதா? அச்சகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரீம், அதாவது 1,000 தாள் மிஷினுக்குள் போகிறது. காகிதம், மை, கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 4,840 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கலர் சேரும்வரை ஓட்டுகிற தாளில் 40 எப்படியும் கழிவாகும்; அது முன்கூட்டியே தெரிந்த கழிவு, நார்மல். பழைய தாள்காரரிடம் தாள் ஒரு ரூபாய் வீதம் 40 ரூபாய் வரும். அதைக் கழித்தால் 4,800. நல்ல தாள் 960 வரவேண்டும். வகுத்தால் தாளுக்கு 5 ரூபாய். அன்றைக்குப் பிளேட் நகர்ந்து இன்னொரு 40 தாள் பாழானால்? அது அப்நார்மல். அந்த நாற்பதையும் ஐந்து ரூபாய் விலைக்கே மதிப்பிட்டு, அந்த 200 ரூபாயில் பழைய தாளாக விற்று வரும் 40-ஐக் கழித்து, மீதி 160 ரூபாயைக் காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல தாளின் தலையில் ஏற்றக் கூடாது. நாளைக்கு மிஷின் பக்கம் போகும்போது கழிவுத் தாள் கட்டைப் பாருங்கள். அந்த அத்தியாயம் அப்புறம் மறக்காது. பட்டாசு ஆலையின் பீஸ் ரேட் கூலியும் அப்படித்தான், லேபர் காஸ்ட் அத்தியாயம் அதற்குள் அப்படியே இருக்கிறது.

அடுத்தது நேரம். 2024-இலிருந்து இன்டர் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை: ஜனவரி, மே, செப்டம்பர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று தேர்வுக்குச் செல்லும் எக்ஸம்ப்ஷன் முன்பு ஒன்றரை ஆண்டு நீடித்தது, இப்போது ஒரே ஆண்டில் தீர்ந்துபோகும். நீங்கள் எழுதாமல் விட்ட தேர்வும் அந்த மூன்றில் ஒன்றாகவே கணக்கில் வரும். இதை மனசில் வைத்துச் சிவகாசியின் நாட்காட்டியைப் பாருங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசிவரை அச்சகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. செப்டம்பர் தேர்வு அதன் நடுவில் விழுகிறது. ஜனவரித் தேர்வுக்குப் படிக்கவேண்டிய இரண்டு மாதமும் அதற்குள்தான். உங்களுக்கு ஏற்றது மே. காலண்டர் வேலை ஓய்ந்த பிறகு நாலு மாதம் முழுசாகக் கிடைக்கும், மே தவறினாலும் எக்ஸம்ப்ஷன் காலாவதியாகுமுன் இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

‘தினமும் படிக்கணும்’ என்று முடிவெடுப்பதைவிட, எப்போது, எங்கே, எது என்று முடிவெடுப்பது வேலை செய்யும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் மாணவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தார்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எந்த நேரம், எந்த இடத்தில் எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். ‘காலை ஐந்து மணி, மாடிப் படிக்குக் கீழே உள்ள மேசை, ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கில் ஒரு கணக்கு’ என்று முந்தின ராத்திரியே எழுதி வையுங்கள். கணக்குத் தாளைக்கூட எடுத்து வைத்துவிட்டே தூங்குங்கள்.

தனிமையைப் பற்றி. 2012 நவம்பரில் நடந்த சி.ஏ. ஃபைனல் தேர்வில் 800-க்கு 607 எடுத்து இந்தியாவிலேயே முதலிடம் பெற்றவர் பிரேமா ஜெயகுமார். அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பை மலாடுக்குக் குடிபோன ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் தோற்றுவிட்டு மறுபடி எழுதியவர் அல்லர், அந்த ஒப்பீடு வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: அதே தேர்வில் அவருடைய தம்பி தன்ராஜும் தேறினார். ஒரே சின்ன வீட்டில் இரண்டு பேர் ஒரே பரீட்சைக்குப் படித்தார்கள். முதலிடம் வந்தவருக்கே பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது.

உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு காலை ‘இந்த வாரம் எத்தனை கணக்கு?’ என்று கேட்டால் போதும். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டுக்குச் சிவகாசியிலேயே கிளை இருக்கிறது. அங்கே போய், இரண்டாவது குரூப் மறுபடி எழுதுகிறவர்கள் வேறு யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அந்த 58,137 பேரில் சிலராவது நம் பக்கத்துக்காரர்களாக இருப்பார்கள்.

அவரே கேட்கும் இன்னொரு கேள்வி: எனக்கு 23 வயது. கூடப் படித்தவர்கள் சம்பாதிக்கிறார்கள். ‘வருஷம் வீணாப் போச்சு, பேங்க் பரீட்சை எழுது’ என்கிறார் அப்பா. விட்டுவிடலாமா?

பதில்: சென்னையில் 1907-இல் பிறந்த ஆர். சிவபோகம் இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்; கணக்காளர் ஆக வேண்டும் என்று முடிவெடுத்ததே சிறையில்தான். 1933-இல் தேர்வில் தேறினார். தேறியும் தொழில் செய்ய முடியவில்லை: சிறை சென்றவர்கள் பதிவு செய்துகொள்ள விதி தடை போட்டிருந்தது. நீதிமன்றம் போய் வென்று, 1937-இல்தான் தொழில் தொடங்கினார். பின்னாளில் சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்கு 1955 முதல் 1958 வரை அவரே தலைவர். இன்றைய சிவகாசிக் கிளை அந்தக் கவுன்சிலின் கீழ்தான் வருகிறது. அவருக்குப் போன நாலு ஆண்டை இன்று யாரும் வீண் என்று சொல்வதில்லை.

அதே சமயம், அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டிருப்பது வீட்டுக்கும் பாரம், உங்களுக்கும் பாரம். எக்ஸம்ப்ஷன் தீர்கிற தேர்வுவரை என்று ஒரு எல்லை வைத்து, அதை அவரிடம் தேதியோடு சொல்லுங்கள். அதற்குள் தேறாவிட்டால் வேறு வழி பார்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. இன்டர் முதல் குரூப் தேறிய அறிவோடு, அச்சகக் கணக்கு முழுதும் கையாளத் தெரிந்தவருக்குச் சிவகாசியில் வேலைக்குப் பஞ்சம் கிடையாது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ பிடிக்காமல், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றினால், அது படிப்புப் பிரச்சினை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, பாக்கியுள்ள பத்து மதிப்பெண்ணைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் சொந்த விடைத்தாள். தேர்வு எழுதியவருக்குத் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிட்ட நகல் தருகிறது. காஸ்டிங்கில் எந்தக் கணக்கைப் பாதியில் விட்டீர்கள், எதில் முறை சரியாக இருந்தும் கூட்டல் சறுக்கியது, எதைத் தொடவே இல்லை என்பதெல்லாம் அதில் தெரியும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் வந்த ரிசல்ட் என்கிறீர்கள். தேதியை எண்ணிப் பார்த்து, இந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.