பச்சைப் பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி எதற்கு?

குழந்தை பிறந்தவுடன் தொடையில் ஓர் ஊசி போடுகிறார்கள். "பிறந்த பிள்ளைக்கு ஊசியா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதுண்டு. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். அதற்கான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அவற்றில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கும் செய்த மாத்திரத்தில் வேலைக்கு ஆகாது. அவற்றிலுள்ள குளூட்டமிக் அமிலம் சிலவற்றின்மேல் ஒரு நொதி கரியமில வாயுவை ஒட்டவைக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் கால்சியத்தைப் பிடிக்கும். புரதமும் காயம்பட்ட இடத்தில் போய்ப் பதியும். இல்லாவிட்டால் கொக்கி தைக்காத சட்டைதான், இருந்தும் மாட்ட முடியாது. இந்த மாற்றம் 1974இல்தான் கண்டறியப்பட்டது.

அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக அது மிகக் குறைவாகவே பிள்ளைக்குப் போகிறது. தாய்ப்பாலிலும் குறைவு. (அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை.) ஆகவே சில குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் தொப்புளிலோ குடலிலோ இரத்தம் கசியலாம். சில வாரங்கள் கழித்து மூளைக்குள் கசிவதுதான் பெரிய ஆபத்து. அதுவரை பிள்ளை நன்றாகவே இருந்திருக்கும். இதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. சாதாரண எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராம், ஒரே தடவை.

பிரசவம் வீட்டில் நடந்திருந்தால் ஊசியைத் தவறவிடாமல் உடனே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சிறு வயதிலேயே சுன்னத் செய்ய நினைப்பவர்கள், ஊசி போட்டாயிற்றா இல்லையா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை இதே வேலையை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறது. ஒருமுறை செலவான வைட்டமின் கேயை உடம்பு புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தும். அந்தப் புதுப்பித்தலை மாத்திரை தடுக்கிறது. அதனால் முருங்கைக்கீரையை அடியோடு விலக்கவும் வேண்டாம், ஒரே வாரத்தில் அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். நோன்பு மாதத்தில் சாப்பாடு மாறுவதால், அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து ஐ.என்.ஆர். பரிசோதனையை எப்போது செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.