குடும்ப மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இன்று இரண்டு வகையாக இருக்கிறார்கள். ஒரு சாரார் திருப்பதியிலும் சித்தூரிலும் எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள். மற்றொரு சாரார் அமெரிக்காவில் வளர்ந்து, அங்கே 'டி.ஓ.' எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். இவர்களில் ஒரு பிள்ளை "நான் குடும்ப மருத்துவம் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் போதும். வீட்டில் ஒரே கவலை. "நல்ல பிரிவு கிடைக்காதவங்க எடுக்கிறதுதானே அது?" என்று தாத்தா பாட்டிகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். குடிபாலாவில் பிறந்து, திருப்பதியில் படித்து, முப்பது ஆண்டுகளாக இந்த எல்லைப் பகுதியிலேயே மருத்துவம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவர் பெரியவர்களின் நோய்களைப் பார்ப்பார். குழந்தைகளையும் பிரசவத்தையும் பார்க்கமாட்டார். சமுதாய மருத்துவத்தில் எம்.டி. படித்தவருக்கு ஊர் முழுவதன் சுகாதாரமே பாடம். தடுப்பூசி, குடிநீர், கொள்ளைநோய் போன்றவை. குடும்ப மருத்துவர் இந்த இருவரும் அல்லர். வயது, பால், உறுப்பு என்று பிரிக்காமல், ஒரு வீட்டில் உள்ள அனைவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றவர் அவர். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு பலகை மாட்டிக்கொள்வதும் இதுவும் ஒன்றல்ல.

குடிபாலாவை வைத்தே பார்க்கலாம். சித்தூர் – வேலூர் சாலையில் இருக்கிற ஊர். தலைவலி என்றாலும் வேலூருக்கு பஸ் ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி, மருமகள் கர்ப்பிணி, பேரனுக்கு இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் நான்கு நிபுணர்களிடம் போகிறார்கள். நான்கு சீட்டு, நான்கு பை மாத்திரை. அம்மா முழங்காலுக்கு வாங்கிய வலி மாத்திரையை அப்பாவும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரையால் ஏற்கனவே தளர்ந்திருக்கும் அவருடைய சிறுநீரகத்துக்கு அது கெடுதல் என்று சொல்ல ஆள் இல்லை. ஏனென்றால் அந்த நால்வரில் எவரும் வீட்டை முழுதாகப் பார்க்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. "வீட்டில் வேறு யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" என்று நோயாளியின் மொழியில் கேட்டால் போதும். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள் அதிகம். இரண்டிலும் கேட்கத் தெரிந்த மருத்துவருக்குப் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி, இங்கே படிக்கிறவர்களுக்கான வழிகள். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவத்தில் சேர்வது பிரதான வழி. மூன்று ஆண்டுப் படிப்பு; பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், அவசரப் பிரிவு என்று சுற்றிவர வேண்டும். 2020இல் இதே வாரியம் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிப்புகளைத் தொடங்கியபோது, குடும்ப மருத்துவத்தையும் அதில் சேர்த்தது. எம்.டி. பட்டமாகவே வேண்டும் என்பவர்களுக்கு, நாட்டிலேயே முதலில் இதைத் தொடங்கிய கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடங்கள் மிகவும் குறைவு.

பக்கத்து வேலூர் சி.எம்.சி.யைச் சொல்லாமல் விட முடியாது. 1982இல் அங்கே ஏழை நோயாளிகளுக்காகக் குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குள் குடும்ப மருத்துவம் வேர் பிடித்தது அந்த வழியாகத்தான். ஏற்கனவே தொழில் செய்து கொண்டிருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காக அஞ்சல் வழியிலும் நேர்முகப் பயிற்சியிலுமாக ஒரு குடும்ப மருத்துவ டிப்ளமோவையும் நடத்தினார்கள். மேலே அனுப்புவதைக் குறைத்து, இங்கேயே தீர்ப்பதைக் கூட்டு என்பது அதன் நோக்கம். அறிவுக்கு நல்லதுதான். ஆனால் இத்தகைய தொலைவழிச் சான்றிதழ்களை மருத்துவ ஆணையம் ஏற்கும் முதுநிலைப் பட்டத்தோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது; கட்டணம் கட்டும் முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். அதே சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் எங்கள் குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்கள், எல்லைப்புறத்து நோயாளிகள் எப்படி வருகிறார்கள் என்பதை அதன் வாசலில் ஒரு காலைப் பொழுது நின்றாலே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002, 2017 ஆகிய இரண்டு தேசிய சுகாதாரக் கொள்கைகளும் குடும்ப மருத்துவம் வளர வேண்டும் என்று சொல்கின்றன. இருந்தும் நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு துறையே கிடையாது. ஐந்தரை ஆண்டு படிக்கும் மாணவன் ஒரு குடும்ப மருத்துவ ஆசிரியரைக்கூடக் காணாமல் வெளியே வருகிறான். அவன் அதை விரும்பவில்லை என்று குறைசொல்லி என்ன பயன்? கல்லூரி வேலையே குறி என்பவர்கள் இந்த நிலையை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். ஊரில் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை அல்ல.

அமெரிக்கப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுடைய தாத்தாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "டி.ஓ. என்றால் நிஜ டாக்டரா?" என்பது. கேள்வியில் நியாயம் உண்டு. பல நாடுகளில் ஆஸ்டியோபதி என்றால் கையால் பிடித்துவிடும் சிகிச்சை மட்டுமே, அதைச் செய்கிறவர் மருந்து எழுத முடியாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892இல் முதல் கல்லூரியைத் தொடங்கினார். ஏளனத்தையும் வழக்குகளையும் தாண்டி, ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமை கிடைக்க 1973 ஆயிற்று. நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. 1962இல் கலிபோர்னியாவில் இரண்டு தரப்புச் சங்கங்களும் ஒன்றுசேர்ந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டி எம்.டி. ஆனார்கள். நேற்று வரை போலி, இன்று முதல் அசல்! இன்று டி.ஓ. மாணவன் எம்.டி. மாணவன் படிப்பதை எல்லாம் படிக்கிறான். அதற்கு மேல் எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சரிசெய்யும் பயிற்சியும் பெறுகிறான். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். குடும்ப மருத்துவருக்கு இது எவ்வளவு உதவும் என்பது புரியும்.

படிப்பு முடிந்ததும் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சி. குடும்ப மருத்துவத்துக்கு மூன்று ஆண்டுகள், சம்பளத்தோடு. முன்பு டி.ஓ. மாணவர்களுக்குத் தனி ரெசிடென்சிகள் இருந்தன; 2020 ஜூன் முதல் எல்லாம் ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. செப்டம்பரில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்முகம், பிறகு மாணவரும் மருத்துவமனையும் தத்தம் விருப்ப வரிசையைக் கொடுக்க, மார்ச்சில் கணினி ஜோடி சேர்க்கிறது. இதை 'மேட்ச்' என்கிறார்கள். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம்தான். குடும்ப மருத்துவத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் நிற்கின்றன. ஆகவே இடம் கிடைக்குமா என்ற பயத்தைவிட, எந்த இடம் என்ற யோசனைக்கே அதிக நேரம் கொடுக்கலாம்.

டி.ஓ. மாணவர்கள் காம்லெக்ஸ் என்ற தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும். எம்.டி. மாணவர்களின் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் சேர்த்து எழுதுவதா என்பது பெரிய கேள்வி. குடும்ப மருத்துவம்தான் என்று முடிவு செய்தவருக்குக் காம்லெக்ஸ் மதிப்பெண்ணை ஏற்கும் இடங்கள் ஏராளம். மனம் இன்னும் ஊசலாடுகிறவர் இரண்டையும் எழுதுவது பாதுகாப்பு. ஆஸ்டியோபதிக் கைப்பயிற்சியை விட்டுவிட விரும்பாதவர், அதற்கென்று தனி அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சிகளைத் தேட வேண்டும். அது இல்லாத இடத்தில் மூன்று ஆண்டில் கை மறந்துவிடும். சிற்றூர்களில் பயிற்சி தரும் கிராமப்புறப் பிரிவுகளும் உண்டு. பெரிய நகரத்து மருத்துவமனையில் பல துறைப் பயிற்சி மருத்துவர்கள் இருப்பதால், பிரசவமும் சிறு அறுவையும் குடும்ப மருத்துவ மாணவனின் கைக்கு வருவது குறைவு. சிற்றூரில் அவன்தான் எல்லாம். என் சாய்வு சிற்றூர்ப் பக்கம் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்கா போக நினைப்பவர்களும் இதே மேட்ச் வழியாகத்தான் போக வேண்டும், ஆனால் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வும் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றும் அவர்களுக்குக் கட்டாயம். பலருக்கும் கிடைப்பது ஜே-1 விசா. பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்பது அதன் விதி. 1994இல் வந்த கான்ராட் திட்டப்படி, மருத்துவர் பற்றாக்குறையான பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்தால் விலக்கு உண்டு. அந்தப் பகுதிகளுக்கு அதிகம் தேவைப்படுகிறவர்களில் குடும்ப மருத்துவர்களும் அடக்கம்.

இங்கே டி.என்.பி. ஆனாலும் அங்கே ரெசிடென்சி ஆனாலும், சேருமுன் அந்த இடத்தின் தலைவரிடம் மட்டும் பேசித் திரும்பிவிட வேண்டாம். கடைசி ஆண்டு பயிற்சி மருத்துவர் ஒருவரைத் தேநீருக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்களே எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், முதலாண்டில் பார்த்த நோயாளி மூன்றாம் ஆண்டிலும் உங்களிடமே வருகிறாரா, உங்களுக்கு முன் படித்தவர்கள் இப்போது எந்த ஊரில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒரு நோயாளியின் வீட்டுக் கதையை விரித்துச் சொல்லத் தொடங்கினால், அந்த இடத்தை உங்கள் வரிசையில் மேலே போடலாம்.