தரத் தேர்வுக்கு ஆயத்தமாவோம்



நம் பள்ளித் திடலில் சனிக்கிழமைதோறும் தேக்குவாண்டோ பயிற்சி நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளை இடைவார் கட்டிய பிள்ளைகள் பலர் மஞ்சள் இடைவாருக்கான தரத் தேர்வை எதிர்நோக்கி இருக்கின்றனர். 'கிரேடிங்' என்று அவர்கள் ஆவலோடு கூறும் அத்தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதை இங்கு ஆராய்வோம்.

இடைவாரின் வரலாறு

தற்காப்புக் கலையில் தரம் பிரிக்கும் முறையை வகுத்தவர் ஓர் ஆசிரியரே. ஜப்பானியக் கல்வியாளரான ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டில் ஜூடோ கலைக்கெனப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டில் தம் மாணாக்கர் இருவருக்கு முதல் 'டான்' தரத்தை வழங்கினார். பின்னாளில் தோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்கு அவர் முதல்வராகவும் விளங்கினார். 1924இல் கிச்சின் ஃபுனாகோஷி இம்முறையைக் கராத்தேயிலும் கைக்கொண்டார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. 1962இல் தென்கொரியத் தூதராக இந்நாட்டுக்கு வந்த சோய் ஹொங் ஹி, தேக்குவாண்டோ இங்கு வேரூன்றக் காரணமானார்.

அவர் வகுத்த மரபில் வெள்ளை நிறம் ஏதுமறியாத தூய நிலையைக் குறிக்கும். மஞ்சள் நிறம், செடி வேர்விடும் மண்ணைக் குறிக்கும். எனவே, மஞ்சள் இடைவார் பெறுவோரிடம் தேர்வாளர் தேடுவது உறுதியான வேரையே.

'சோன்-ஜி' கற்பிக்கும் பாடம்

இத்தேர்வின் இதயம் 'சோன்-ஜி' என்னும் அசைவுத் தொடராகும். 'வானும் மண்ணும்' என்பது அதன் பொருள். அதில் 19 அசைவுகள் உள்ளன. முற்பகுதியில் கீழ்த்தடுப்பும் குத்தும், பிற்பகுதியில் நடுத்தடுப்பும் குத்தும் மாறி மாறி வரும். நான்கு திசைகளிலும் சென்று திரும்பும் மாணவர், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். ஓரடி தள்ளி நின்றாலும் காலடிகள் ஒரே அளவில் அமையவில்லை என்பது புலனாகிவிடும்.

இங்கு நம் குறை ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். முன்னொரு முறை மாணவன் ஒருவன் தேர்வுக்குச் சென்றான். திடலில் அவன் எப்போதும் கொடிக்கம்பத்தை நோக்கியே பயின்று வந்தான். நகரத்து மண்டபத்தில் கொடிக்கம்பம் இல்லை. மூன்றாம் அசைவில் எப்பக்கம் திரும்புவது என்று தெரியாமல் திகைத்தான், பாதியிலேயே நின்றுவிட்டான். ஒரு நாள் கூலியை இழந்து அவனை அழைத்துச் சென்ற தந்தை, "இனி இது வேண்டாம், சார்" என்று நம்மிடம் வந்து நின்றார். அவன் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பயிற்றுநர் முன்பே சொல்லியிருந்தார். மஞ்சள் இடைவார் பெற்றோரின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் கூடுதலாக இருக்கட்டும் என்று அவனை அனுப்பியவர்கள் நாமே. பிழை சிறுவனுடையதன்று என்று அத்தந்தையிடம் ஒப்புக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து அவன் மீண்டும் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றான்.

ஆயத்தமாகும் முறை

அன்று கற்ற பாடத்தால் பின்வரும் முறையை வகுத்துள்ளோம்.

முதலாவது, நாள்தோறும் இருபது நிமிடம் பயிலுங்கள். கடைசி வாரத்தில் நாள் முழுதும் பயில்வதால் உடல் களைக்குமேயன்றிப் பழக்கம் படியாது.

இரண்டாவது, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கூட்டல் குறி ஒன்றை வரைந்து, அதன் நடுவில் நின்று தொடங்குங்கள். முடிவில் எங்கு நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு நாள் கிழக்கு நோக்கியும் மறுநாள் வடக்கு நோக்கியும் தொடங்குங்கள். இடம் மாறினாலும் திசை தவறாது.

மூன்றாவது, முதலில் மெதுவாகச் செய்யுங்கள். கட்டைவிரலை வெளியே மடித்து முட்டியை இறுக்குங்கள். குத்தும் கணத்தில் மூச்சை வெளிவிடுங்கள். கொரிய எண்களைச் சொல்லிப் பழகுங்கள். சொற்களின் பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள். தேர்வாளர் அவற்றையும் கேட்பார்.

நான்காவது, தேர்வுக்கு முந்திய இரவில் நன்றாக உறங்குங்கள். நகங்களை வெட்டுங்கள். சீருடையைத் துவைத்து வையுங்கள். இடைவாரின் இரு முனைகளும் சம நீளத்தில் தொங்குமாறு முடிச்சிடுங்கள். காலையில் எளிதில் செரிக்கும் உணவை உண்ணுங்கள். தேர்வில் பிழை நேர்ந்தால் சிரிக்கவோ தலையில் அடித்துக்கொள்ளவோ வேண்டா. நிமிர்ந்து நின்று தொடருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

பால்மரம் சீவிய நம் பெரியோர் இதனை எளிதில் உணர்வர். கத்தி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும். மேலோடு சீவினால் பால் குறையும். அந்த அளவு கைக்குப் பிடிபட நாளாகும். பிள்ளையின் பயிற்சியும் அத்தகையதே.

நீங்கள் செலுத்தும் கட்டணம் தேர்வுக்கு உரியது. அது நிறத்துக்கு உரிய விலையன்று. ஆகவே, "இடைவார் கிடைத்ததா?" என்று கேட்பதற்கு முன் "இன்று பயின்றாயா?" என்று கேளுங்கள். பயிற்றுநர் "இம்முறை வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்" என்றால் வருந்தாதீர்கள். அதைப் பள்ளிக்கு நேர்ந்த குறைவாக நாமும் இனிக் கருதமாட்டோம்.

மாணவச் செல்வங்களே! கூட்டல் குறியின் நடுவில் இன்று மாலையே நின்று தொடங்குங்கள். உங்கள் முயற்சி வெல்க!