பத்து சதவீதம் யாருக்கு இனாம்?

அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறி சேலம் போய்ச் சேர்வதற்குள் ஆய்வு மாணவர் ஒருவராவது இதைச் சொல்லிவிடுகிறார்: "பத்து பர்சென்ட் வரைக்கும் காப்பி அடிக்கலாம் சார், யுஜிசியே சொல்லிடுச்சு." எந்த விதி, எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆய்வேட்டுக்கே சான்று காட்டாதவர்கள் வதந்திக்கா காட்டப் போகிறார்கள்?

நம்பிக்கை: பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம்.
உண்மை: 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. தண்டனை இல்லையென்றால் அனுமதி என்று அர்த்தமா? 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதே விதிகளில் யாரும் படிக்காத இடம் ஒன்று உண்டு. உரியவர் பெயரைச் சொல்லி முறையாக எடுத்த மேற்கோளையும், துணைநூற்பட்டியலையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நம் பிள்ளைகளோ ‘பர்சென்டேஜ் ஏறிடும்’ என்று பயந்து மேற்கோள்குறியையும் ஆசிரியர் பெயரையும் அழிக்கிறார்கள். விலக்குப் பெற்ற வரியைத் தாங்களே திருட்டுக் கணக்கில் ஏற்றுகிறார்கள்! பிறகு ‘கூறினார்’ என்பதை ‘மொழிந்தார்’ ஆக்கித் தப்பப் பார்க்கிறார்கள். ஒற்றுமை தேடும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். கருத்து யாருடையது என்பது வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவருக்குத் தெரியும்.

நம்பிக்கை: கடைசியில் நூற்பட்டியல் இருந்தால் போதும்.
உண்மை: போதாது. எந்த நூல், எந்தப் பக்கம் என்பது எடுத்தாண்ட இடத்திலேயே தெரிய வேண்டும்.

நம்பிக்கை: எல்லா வரிக்கும் சான்று வேண்டும்.
உண்மை: சேலம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதற்கு யார் சான்று கேட்டார்கள்?

நம்பிக்கை: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு.
உண்மை: சான்று இல்லாத தவிப்பு நம்மவருக்கும் உண்டு. நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணி உரையில் பழம்பாடல்களை எடுத்தாண்டு, பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமல் போனார். சேலம் இராமசுவாமி முதலியார் 1880-இல் தூண்டிவிட, சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே.சா. அந்த வரிகளின் மூலம் தேடித் தவித்தார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகைச் சுவடிகளைப் பார்த்த பிறகே பல விளங்கின. பதிப்பு வர 1887 ஆயிற்று. உரையாசிரியர் காலத்தில் படித்தவர்களுக்கு அவை மனப்பாடமாக இருந்திருக்கலாம். உங்கள் வாசகருக்கு அப்படியா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இங்கே இராமருக்குப் பட்டாபிஷேகம் நடந்ததாகக் கூறப்படுகிறது’ என்று நம் அயோத்தியாப்பட்டணத்துக் கோயிலைப் பற்றி எழுதுகிறீர்களே, கூறியது யார்? சொன்னவர் பெயர், ஊர், கேட்ட தேதி மூன்றையும் அவர் சம்மதத்தோடு போடுங்கள். பேராசிரியர் பெயரைத் தவறாமல் போடுகிற கை, சன்னதித் தெருப் பூக்காரம்மா பெயரைப் போட மட்டும் ஏன் கூசுகிறது?