செருப்பு நடந்து வந்தது

கரோல் பாக்கில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தந்தேன். ஒரு சிறுமி கதை எழுதினாள். அஜ்மல் கான் சாலைக் கூட்டத்தில் செருப்பு தொலைந்தது. இரவில் அது தானே வீட்டுக்கு நடந்து வந்ததாம்!

நான் சிவப்பு மையால் பிழைகளைத் திருத்தினேன். மறுவாரம் அவள் எழுதவில்லை. தப்பு என்னுடையது.

பிறகு அவளைக் கதை சொல்லச் சொன்னேன். சொன்னபடியே எழுதினேன். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். படித்துக் காட்டினேன். சிரித்தாள். அடுத்த கதையை அவளே எழுதினாள்.

எழுதத் தெரியாத பிள்ளை படம் போடட்டும். ஓவியர் சங்கர் 1949-இல் தில்லியில் குழந்தைகள் போட்டியைத் தொடங்கினார். அதில் படத்துக்கும் பரிசு, எழுத்துக்கும் பரிசு தந்தார்கள்.

"எனக்கே பிழை வருமே" என்கிறீர்களா, அக்கா? வரட்டும். இன்று இரவு தாளும் பென்சிலும் எடுங்கள். "செருப்பு எந்த வழியாக வந்தது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள்.