'கூகுள் மூலம் உள்நுழைக': தொடும் முன்பும் தொட்ட பின்பும்

புதிதாக ஓர் ஆப்பை இறக்கித் திறந்தால் முதலில் வந்து நிற்பது லாகின் பக்கம்தான். மளிகை ஆப், பஸ் டிக்கெட் ஆப், பிள்ளைகளின் டியூஷன் ஆப், பாட்டு ஆப் என எதுவானாலும் மொபைல் எண் கேட்கும் கட்டத்துக்குக் கீழே கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் என்று இரண்டு மூன்று பொத்தான்கள் இருக்கும். நம்மில் பலர் கூகுள் பொத்தானைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தொடுவதில் தவறே இல்லை. ஆனால் யாருக்கு என்ன கொடுத்தோம், கொடுத்ததை எப்படித் திரும்பப் பெறுவது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் நிம்மதியான செய்தி. இந்தப் பொத்தான் வழியாக நுழையும்போது உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு அந்த ஆப்புக்குப் போவதில்லை. ஆப் கூகுளைக் கேட்கிறது. கூகுள் உங்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, 'இவர் இன்னார்தான்' என்று உறுதி சொல்லும் டோக்கன் ஒன்றை ஆப்புக்குத் தருகிறது. 2012-ல் வெளியான ஓஆத் 2.0, 2014-ல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய பொது விதிமுறைகள் இதற்கு அடிப்படை. வழக்கமாக ஆப்புக்குக் கிடைப்பவை பெயர், மின்னஞ்சல் முகவரி, புகைப்படம். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். ஏதோ ஒரு சிறிய நிறுவனத்தின் தகவல்கள் திருடு போனால், திருடியவர்கள் அதே பாஸ்வேர்டை ஜிமெயிலிலும் போட்டுப் பார்ப்பார்கள். அதனால் புது ஆப் ஒவ்வொன்றிலும் பழைய பாஸ்வேர்டையே கொடுப்பதைவிட, கூகுள் அல்லது ஆப்பிள் வழியாக நுழைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

2. பாஸ்வேர்டை எந்த இடத்தில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் உங்கள் ஜிமெயில் ஏற்கெனவே இருந்தால், பொத்தானைத் தொட்டதும் உங்கள் பெயரும் படமும் உள்ள சிறு பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தொட்டால் போதும், எதையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. சில ஆப்கள் குரோம் போன்ற பிரவுசரைத் திறக்கும். அப்போது மேலே உள்ள முகவரி அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம் என்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், ஆப்புக்குள்ளேயே கூகுள் பக்கம் போல ஒன்று திறந்து பாஸ்வேர்டு கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஆப்புக்குள் பதித்த பக்கத்தில் உள்நுழைவதை கூகுள் 2021 செப்டம்பர் 30 முதல் அனுமதிப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஃபேஸ்புக்கும் ஆண்ட்ராய்டில் அதை நிறுத்தியது.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக் பாஸ்வேர்டைத் திருடுவதற்கென்றே உருவான 400-க்கும் மேற்பட்ட ஆப்களைக் கண்டுபிடித்ததாக 2022 அக்டோபரில் மெட்டா அறிவித்தது. படத்தை அழகாக்கித் தருகிறோம், இலவச விபிஎன் தருகிறோம், விளையாட்டு தருகிறோம் என்று வந்தவை அவை. ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மெட்டா எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றின் தந்திரம் எளிது: 'முதலில் ஃபேஸ்புக் வழியாக உள்நுழையுங்கள்' என்று போலிப் பக்கம் காட்டுவது. ஒரு போட்டோவுக்குப் பூ வைத்துக் கொடுக்கும் ஆப்புக்கு உங்கள் ஃபேஸ்புக் கணக்கு தேவையே இல்லை.

3. சம்மதப் பக்கத்தைப் படிக்காமல் 'தொடர்க' கொடுக்காதீர்கள். பெயர், மின்னஞ்சல், படம் ஆகிய மூன்றுக்கு மேல் எது கேட்டாலும் ஏன் என்று யோசியுங்கள். காலண்டர் ஆப் உங்கள் கூகுள் காலண்டரைக் கேட்பது நியாயம். தள்ளுபடிக் கூப்பன் தரும் ஆப் உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்கவும் டிரைவில் உள்ள கோப்புகளைப் பார்க்கவும் அனுமதி கேட்டால் அது நியாயமில்லை. தனித்தனி டிக் கட்டங்கள் இருந்தால் வேண்டாததை எடுத்துவிடலாம். பெரிய நிறுவனங்களிலும் பிசகு நடக்கும். 2016 ஜூலையில் போக்கிமான் கோ விளையாட்டு வந்த புதிதில், ஐபோனில் கூகுள் வழியாக நுழைந்தவர்களின் கணக்கு முழுவதற்குமான அனுமதியையே அது கேட்டுப் பெற்றிருந்தது. விஷயம் வெளியே வந்த பிறகுதான் நிறுவனம் அதைக் குறைத்தது.

4. 'நீங்கள் எந்த அரசரைப் போன்றவர்?' போன்ற வினாடி வினாக்களுக்கு ஃபேஸ்புக் வழியாக நுழையவே வேண்டாம். ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனாலிடிகா விவகாரம் அப்படிப்பட்ட ஓர் ஆளுமைத் தேர்வு ஆப்பில்தான் தொடங்கியது. அதில் நுழைந்தவர்கள் சில லட்சம் பேர்தான். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் தகவல்களும் சேர்ந்து போனதால், 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

5. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. 2019-ல் வந்த ஆப்பிள் உள்நுழைவில் 'மின்னஞ்சலை மறை' என்ற தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் உண்மையான முகவரிக்குப் பதிலாக, பிரைவேட்ரிலே.ஆப்பிள்ஐடி.காம் என்று முடியும் மாற்று முகவரி ஒன்றுதான் ஆப்புக்குப் போகும். அதற்கு வரும் கடிதங்களை ஆப்பிள் உங்களுக்கு அனுப்பிவைக்கும். தொல்லை என்றால் நிறுத்திவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு ஏதாவது குறை சொல்ல வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், உங்கள் சொந்த முகவரி அவர்கள் பதிவில் இருக்காது. செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு ஆப்பிள் உள்நுழைவுப் பகுதிக்குப் போனால், அந்த ஆப்புக்குக் கொடுத்த மாற்று முகவரி இருக்கும். அதைச் சொல்ல வேண்டும்.

6. ஓர் ஆப்புக்கு ஒரே வழி. இன்று மொபைல் எண், நாளை கூகுள் என்று மாற்றி மாற்றி நுழைந்தால் பல ஆப்கள் உங்களை இரண்டு வெவ்வேறு ஆட்களாக எடுத்துக்கொள்ளும். பணம் கட்டி வாங்கிய டியூஷன் பாடம் புதுப் போனில் காணாமல் போவதும், சேர்த்த பாயின்ட்கள் மறைவதும் பெரும்பாலும் இதனால்தான். அப்பா தன் எண்ணில் பதிவு செய்திருப்பார், மகள் அம்மாவின் ஜிமெயிலில் நுழைந்து 'ஒன்றுமே இல்லையே' என்பாள். அவசரப்பட்டு மறுபடி பணம் கட்டாதீர்கள். வெளியேறிவிட்டு மற்ற வழிகளில் நுழைந்து பாருங்கள். பணம் கட்டியபோது வந்த ரசீது எந்த மின்னஞ்சலுக்கு வந்தது, எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்கு வந்தது என்று தேடினால் விடை கிடைத்துவிடும். கேஸ் புக்கிங் எண், கரண்ட் பில் எண் எழுதிவைத்திருக்கும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, ஆப்பின் பெயர், யார் கணக்கு, எந்தப் பொத்தான் என்று எழுதிவையுங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம்.

7. கல்லூரி தந்த மின்னஞ்சலிலும் அலுவலக மின்னஞ்சலிலும் சொந்த ஆப்களுக்குள் நுழையாதீர்கள். படிப்போ வேலையோ முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். ஆப்பின் கதவும் கூடவே மூடிக்கொள்ளும்.

8. இத்தனை ஆப்களும் ஒரே ஜிமெயிலில் தொங்கும்போது, அது பீரோ சாவி முதல் கொல்லைக் கதவுச் சாவி வரை கோத்த கொத்து மாதிரி. அதைக் காப்பதுதான் முதல் வேலை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். அங்கேயே 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். தாளில் அச்சிட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள்; போன் தொலைந்த நாளில் அவைதான் கை கொடுக்கும்.

மீட்பு எண்ணையும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் அங்கே இருந்தால் ஆபத்து. செயலிழந்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போக அது ஒன்று போதும்.

9. இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருக்கிறது. தாத்தா பாட்டி பெயரில் தொடங்கிய ஜிமெயிலை அவ்வப்போது திறந்து விடுங்கள். அந்தக் கணக்கால் வேறோர் ஆப்புக்குள் நுழைந்தாலும் அது பயன்பாடாகவே கணக்கில் வரும்.

10. ஆப்பை அழித்தால் தொடர்பு அறுந்துவிடாது. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். போனிலிருந்து ஆப் போய்விட்டாலும் அதற்குக் கொடுத்த அனுமதி உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டை ஒதுங்க வைக்கும்போது இதையும் ஒதுங்க வையுங்கள். செட்டிங்ஸில் கூகுள், அதில் கணக்கை நிர்வகித்தல், அதில் பாதுகாப்பு. அங்கே மூன்றாம் தரப்பு ஆப்கள், சேவைகள் என்ற பட்டியல் இருக்கும். ஃபேஸ்புக் செட்டிங்ஸிலும் ஆப்கள், இணையதளங்கள் என்ற பகுதி உண்டு. முதல் தடவை பார்ப்பவர்கள் நீளத்தைக் கண்டு திகைப்பார்கள்.

நீக்குவதற்கும் வரிசை இருக்கிறது. கூகுளில் தொடர்பை நீக்கினால் இனி எதுவும் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கிய பெயரும் முகவரியும் அந்த நிறுவனத்திடமே இருக்கும். எனவே முதலில் ஆப்புக்குள் போய் 'கணக்கை நீக்கு' கொடுங்கள். பிறகு கூகுளில் தொடர்பை நீக்குங்கள். கடைசியாக ஆப்பை அழியுங்கள். கணக்குத் தொடங்க இடம் தரும் ஆப்கள் அதை நீக்கவும் ஆப்புக்குள்ளேயே வழி வைக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. கூகுள் பிளேயிலும் இதே போன்ற விதி உண்டு. ஆகவே தயங்காமல் தேடுங்கள், கேளுங்கள்.

11. ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் வீடுகளில், கணக்குப் பட்டியல் வந்ததும் யாருடைய படம் என்று பார்த்துத் தொடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் மூலம் உங்கள் பார்வையில் வைப்பது இன்னும் நல்லது.

12. பழைய போனைத் தம்பிக்கோ கடைக்கோ கொடுக்கும் முன், முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். போன் தொலைந்துவிட்டால் இன்னொரு போனிலிருந்து கூகுள் கணக்கின் சாதனங்கள் பட்டியலுக்குப் போய் அதை வெளியேற்றுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். கூகுளிலிருந்து வெளியேற்றினாலும், அதன் வழியாக நுழைந்த ஆப்கள் தனித்தனியே திறந்தபடி இருக்கலாம். முக்கியமான ஆப் ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுக்க வேண்டும்.

13. வீட்டிலிருந்தபடியே பொடி, ஊறுகாய், புடவை விற்பவர்கள் இப்போது சொந்தமாக ஆப் செய்துகொள்கிறார்கள். அதைச் செய்து தருபவரிடம் சிலவற்றைக் கறாராகக் கேளுங்கள். கூகுள் உள்நுழைவுக்கான பதிவு உங்கள் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அவர் கணக்கில் இருந்தால், அவர் விலகும் நாளில் உங்கள் வாடிக்கையாளர்கள் உள்ளே வர முடியாமல் போகும். மொபைல் ஓடிபி வழியும் கூடவே இருக்கட்டும், ஜிமெயில் பழக்கமில்லாத அத்தைகளும் வாங்க வருவார்கள். ஐபோனில் கூகுள், ஃபேஸ்புக் பொத்தான் வைத்தால், மின்னஞ்சலை மறைக்க இடம் தரும் இன்னொரு வழியும் வைக்க வேண்டும் என்பது ஆப்பிள் விதி. ஆப்பிள் பொத்தானைச் சேர்த்தால் அது நிறைவேறிவிடும்.

'என் போனில் வேலை செய்கிறது, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் கூகுள் லாகின் ஆகவில்லை' என்பது இந்த வேலையில் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் காரணம் இதுதான்: சோதனைப் பிரதிக்கு ஒரு டிஜிட்டல் கையொப்பம், பிளே ஸ்டோர் தரும் பிரதிக்கு வேறு கையொப்பம். இரண்டின் எஸ்எச்ஏ-1 எண்ணையும் கூகுளில் பதிய வேண்டும். செய்து தருபவரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

14. நீங்கள் எதிலும் நுழையாதபோது 'உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?' என்று போனில் கேள்வி வந்தால், 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுளிலிருந்து பேசுகிறோம், 'ஆம்' கொடுங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.