வார்ஹேமர் ரசிகர்களின் கோபம்

கேள்வி: வார்ஹேமர் பொம்மைகளை ஆசையாக வாங்குகிறவர்களே அந்த நிறுவனத்தை ஓயாமல் திட்டுகிறார்களே, விலைதான் காரணமா?

பதில்: விலை பாதிக் காரணம்தான். வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப், 1975இல் லண்டனில் தொடங்கி இன்று நாட்டிங்ஹாமில் இயங்கும் நிறுவனம். சின்னஞ்சிறு போர்வீரர்களைத் துண்டுகளாக விற்கிறது. வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்குபவர் பாடு. ஒரு படையைத் தயார்செய்ய மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு உழைப்பைக் கொட்டியவருக்கு எளிதில் விலகவும் மனம் வராது.

பெரிய காயம் 2011இல் பட்டது. உலோக வார்ப்புகளுக்குப் பதிலாக ‘ஃபைன்காஸ்ட்’ என்ற ரெசின் பொம்மைகள் வந்தன. விலை இறங்கவில்லை, ஏறியது. பெட்டியைத் திறந்தால் முகத்தில் காற்றுக்குமிழி, வளைந்த வாள். மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றி வந்ததிலும் குமிழி என்று பலர் புலம்பினார்கள்.

அதே ஆண்டு, ஐரோப்பிய வியாபாரிகள் ஐரோப்பாவுக்கு வெளியே பொம்மைகளை அனுப்பக் கூடாதென்று நிறுவனம் தடை போட்டது. அப்போது ஆஸ்திரேலியாவில் விலை மிக அதிகம். தபால் செலவோடு பிரிட்டனிலிருந்து தருவித்தாலும் லாபமாக இருந்தது. அந்த வழியும் அடைபட்டது. தன் பொருளுக்கு விலை வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் நாட்டுக்கொரு விலை வைத்து, மலிவாகக் கிடைக்கும் வாசலையும் மூடுவது அநியாயம்.

2024 டிசம்பரில் இந்நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. திட்டிக்கொண்டே வாங்கினால் அவர்களுக்கு ஒன்றும் வலிக்காது. மற்றவர்கள் விற்கும் பழைய படைகளை வாங்குங்கள். மேன்டிக், பெர்ரி போன்ற சிறிய நிறுவனங்களின் பொம்மைகளையும் பாருங்கள்.